மரவள்ளித் தோட்டம் சொல்லும் பயிர்ப்பெருக்கப் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் பயிர்ப்பெருக்க முறைகளை நடத்தும்போது, போத்துத் தேர்வை மாணவர்கள் வரையறையாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அதற்கான எடுத்துக்காட்டு வயலிலேயே நிற்கிறது: மரவள்ளி.

மரவள்ளியைக் குச்சி நறுக்கி நடுகிறோம். விதையிலிருந்து முளைக்கும் செடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் சிறந்ததைத் தேர்ந்து குச்சியை நட்டால், அதன் பண்புகள் அப்படியே தொடரும். ஆகவே, 'எதைத் தேர்வது?' என்பதோடு 'யார் தேர்வது?' என்பதும் முக்கியக் கேள்வி.

திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் எச்-165, எச்-226 இரகங்கள் நம் பகுதியில் பரவின. ஏத்தாப்பூரிலும் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. முள்ளுவாடி, குங்குமரோஸ் போன்ற பெயர்களும் விவசாயிகளிடம் வழங்குகின்றன. ஜவ்வரிசி ஆலை மாவுச்சத்தைப் பார்க்கும். விவசாயியோ தேமல் நோய், தண்ணீர், அறுவடைக் காலம் ஆகியவற்றையும் பார்ப்பார்.

இதனால்தான் இரகம் வெளியாகும் முன்பே விவசாயிகளையும் தேர்வில் சேர்க்கும் முறை உருவானது. ராஞ்சி பிர்சா வேளாண் பல்கலைக்கழகமும் பிற அமைப்புகளும் கலிங்கா 3, ஐ.ஆர். 64 நெல் இரகங்களைக் கலப்பு செய்து, மேட்டுநில உழவர்களின் பங்கேற்போடு அசோகா 200எஃப், அசோகா 228 இரகங்களை உருவாக்கின. மானாவாரி மேட்டுநிலத்துக்கு ஏற்ற குறுகிய கால நெல் இவை.

இரண்டு பாடவேளைகளில் செய்யத்தக்க செயல்பாடு:

1. வீட்டிலோ ஊரிலோ பயிர் செய்பவரிடம், 'எந்த இரகம்? ஏன் அது?' என்று மாணவர்கள் கேட்டு வரட்டும்.

2. கிடைத்த காரணங்களைக் கரும்பலகையில் பட்டியலிடுங்கள்.

3. குழுவுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். பாதிக் குழுக்கள் விவசாயிகளாகவும் மீதிக் குழுக்கள் ஆலைக்காரர்களாகவும் இருந்து, முக்கியத்துவத்துக்கு ஏற்பக் கொட்டைகளைக் காரணங்களுக்குப் பங்கிடட்டும்.

4. இரு தரப்புக்கும் ஏன் வேறுபாடு வந்தது என்று விவாதியுங்கள்.

5. தேமல் நோய் நடும் குச்சி வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவும். நோயற்ற செடியிலிருந்து குச்சி எடுப்பதன் காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.

தொடக்க வகுப்புகளில் முதல் இரண்டு படிகள் போதும்.

பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, உழவர் தம் இரகத்தைப் பதிவு செய்ய வழி தருகிறது. 'எங்கப்பா படிக்காதவர்' என்று தயங்கும் பிள்ளை, அவர் சொன்ன காரணத்தைக் கரும்பலகையில் பார்க்கும்போது, அதுவும் அறிவியல்தான் என்று உணரும். தேர்வில் வரையறையோடு, 'உங்கள் ஊருக்கு ஏற்ற இரகத்தைத் தேர்ந்து, மூன்று காரணங்கள் தருக' என்றும் கேட்கலாம்.