தேதி தப்பினால் சாட்சி தப்பும்: குழு கேமராவைக் கையாளக் கற்போம்



போன மழைக்காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் கறவை மாடு வாங்கினார். காப்பீடு செய்து, காதில் வில்லையும் போட்டாச்சு. கூட்டமைப்பு கேமராவில் மாட்டையும் அவரையும் சேர்த்து நாங்களே படம் எடுத்து வைத்தோம். ஐந்து மாதம் கழித்து மாடு நோய் வந்து இறந்துவிட்டது. இழப்பீடு கேட்டு விண்ணப்பம் எழுதி, அந்தப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம்.

அலுவலகத்தில் படத்தைப் பார்த்தவர் கேட்டார்: "ஏம்மா, மாடு வாங்கினது இந்த வருஷம். படத்துல 1-1-2008னு போட்டிருக்கு. இது எந்த மாடு?"

எங்களுக்குப் பேச்சே வரவில்லை. படத்தின் ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் இருந்த தேதியை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. பிறகு கால்நடை மருத்துவர் சான்று, காதுவில்லை எண், கடன் கொடுத்த தீர்மானம் எல்லாம் காட்டித்தான் பணம் வந்தது. அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. நாலு தடவை பஸ் செலவு, நாலு நாள் கூலி போச்சு. மாடும் இல்லை, பாலும் இல்லை. கடன் தவணை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது.

கேமரா மேல் தப்பில்லை. அதை வாங்கி வைத்த நாங்கள் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

செல்போன் இருக்க கேமரா எதுக்கு?

கூட்டத்தில் ஒரு தங்கை இப்படித்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த அக்கா பதில் சொன்னார்: "உங்க வீட்டு போன் இப்ப எங்க இருக்கு?" தங்கை சிரித்துவிட்டார். போன் அவர் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போயிருந்தது!

நம்மில் பலருக்கு இதே நிலைதான். போன் கணவர் கையில் அல்லது மகன் கையில் இருக்கும். கூட்டம் நடக்கும் நேரத்தில் நம்மிடம் இருக்காது. இன்னொன்றும் உண்டு. தனியார் போனில் எடுத்த படம் யார் யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. நம் சிறிய கேமராவில் இணையம் கிடையாது. நாம் எடுத்துக் கொடுக்கும் வரை படம் கார்டிலேயே இருக்கும். பணப்பெட்டி போல இதுவும் குழுவின் சொத்து. பூட்டிச் சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு வீட்டுத் திட்டம் போன்றவற்றுக்கு இடக்குறியோடு செல்போன் செயலியில்தான் படம் எடுப்பார்கள். அதற்கு நம் கேமரா உதவாது.

செல்போன் வந்த பிறகு சிறிய கேமராக்கள் கடைகளில் குறைந்துவிட்டன. பழையது வாங்கினால் நாலு விஷயம் பாருங்கள். லென்ஸ் தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போகணும். பாட்டரி வீங்கியிருக்கக் கூடாது. அதற்கான சார்ஜர் கூடவே இருக்கணும். கார்டு போட்டு, படம் எடுத்து, மறுபடி திறந்து பார்க்கணும். கடைக்காரர் மெகா பிக்சல் கணக்குச் சொன்னால் மயங்க வேண்டாம். ஒரு மெகா பிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. அஞ்சலட்டை அளவு படம் தெளிவாக வர 3 மெகா பிக்சல் போதும்.

தேதி ஏன் மாறியது?

கேமராவுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பெரிய பாட்டரியைக் கழற்றினாலும் கொஞ்ச நாள் அது ஓடுவதற்கு உள்ளே சிறு மின்சேமிப்பு உண்டு. பாட்டரி இல்லாமல் வாரக்கணக்கில் வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். கடிகாரம் பழையபடி தொடக்கத் தேதிக்குப் போய்விடும். மறுபடி பாட்டரி போட்டதும் கேமரா தேதி கேட்கும். நாங்கள் அவசரத்தில் சரி பட்டனை அழுத்திவிட்டுப் படம் எடுத்தோம். அங்கேதான் தவறு.

இனிமேல் இரண்டு வழக்கம் வைத்துக்கொள்வோம்.

1. கேமராவை எடுத்தவுடன் தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் பார்த்து, தப்பாக இருந்தால் திருத்தணும்.
2. எந்த நாளும் முதல் படம், அன்றைய தேதி எழுதிய தீர்மானப் புத்தகப் பக்கமாக இருக்கட்டும். கேமரா தேதி தப்பினாலும் அந்தப் பக்கம் நமக்குத் துணை நிற்கும்.

தப்பான தேதியோடு எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்துத் தேதியை மாற்ற மட்டும் நினைக்காதீர்கள். உண்மையான படமும் பொய்ச் சாட்சி ஆகிவிடும். நடந்ததைப் பதிவேட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

படம் எடுக்கும் முறை

முதலில் கயிற்றைக் கை மணிக்கட்டில் மாட்டுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை உடம்போடு சேர்த்து வையுங்கள். விரல் லென்ஸையோ பிளாஷையோ மறைக்கக் கூடாது.

பட்டனை ஒரே அமுக்காக அமுக்குவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் பாதி அமுக்குங்கள். திரையில் பச்சைக் கட்டம் வரும். "தெளிவு பிடித்துவிட்டேன்" என்று கேமரா சொல்கிறது. பிறகு மெதுவாக முழுசாக அமுக்குங்கள். பொறுமையாகச் செய்தால் கலங்கிய படம் குறையும்.

வெளிச்சம் எடுப்பவருக்குப் பின்னால் இருக்கணும். ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்தால் முகம் கருப்பாகத்தான் வரும். பிளாஷ் வெளிச்சம் சுமார் 3 மீட்டர் வரைதான் எட்டும். இரவுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று பிளாஷ் போட்டால் பயனில்லை, கிட்டே போங்கள்.

எதை எப்படி எடுப்பது?

கால்நடை: மூன்று படம் வேண்டும். முழு உடம்பும் தெரிய பக்கவாட்டில் ஒன்று. உரிமையாளர் பக்கத்தில் நிற்க ஒன்று. காதுவில்லை எண் படிக்கிற மாதிரி ஒன்று. கிட்டே எடுக்கப் பூ அடையாளம் உள்ள பட்டனை அழுத்துங்கள். எடுத்ததும் திரையில் பெரிதாக்கி எண்ணைப் படித்துப் பாருங்கள். நமக்கே படிக்க முடியாவிட்டால் அலுவலகத்தில் எப்படிப் படிப்பார்கள்?

விற்கும் பொருள்: ஊறுகாய், அப்பளம், கூடை எதுவானாலும் நிழலான வெளிச்சத்தில், வெள்ளை வேட்டியோ துணியோ விரித்து அதன் மேல் வையுங்கள். உச்சி வெயில் வேண்டாம். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்கலாம்.

கூட்டம்: வரிசையாக நிற்க வைத்து எடுப்பதை விட, கடன் எண்ணிக் கொடுக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் எடுங்கள். வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி.

கார்டும் பாட்டரியும்

படங்கள் தங்குவது சிறு கார்டில். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை ஏற்காது, வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படம் 3 எம்.பி. என்றால் 2 ஜி.பி. கார்டில் 600 படத்துக்கு மேல் பிடிக்கும். கார்டு ஓரத்தில் சிறு பூட்டு உண்டு. அது கீழே தள்ளியிருந்தால் படம் பதியாது. பல பேர் கேமரா ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்கு ஓடுவது இதனால்தான்.

'ஃபார்மட்' என்ற இடத்தைத் தொட்டால் எல்லாப் படமும் போய்விடும். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். அப்போதுதான் கம்ப்யூட்டர் தெரிந்தவரால் மீட்க முடியலாம். மாதம் ஒருமுறை படங்களைக் கூட்டமைப்புக் கம்ப்யூட்டரிலும் இன்னொரு பென்டிரைவிலும் ஏற்றி வையுங்கள்.

லென்ஸை முந்தானையால் துடைக்க வேண்டாம், தூசி கீறிவிடும். மென்மையான சுத்தமான பருத்தித் துணி போதும். மழைக்காலத்தில் ஈரம் தங்காத டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். கடிகாரமும் தப்பாது, பாட்டரியும் கெடாது.

கேட்டு எடுப்போம், எழுதி வைப்போம்

யாரையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கடன் தவணை தவறியவரை, அழுகிறவரை, வீட்டுச் சண்டையை எடுப்பது நம் வேலை இல்லை. குழந்தைகள் என்றால் தாயிடம் கேளுங்கள். படத்தை வெளியாருக்குக் கொடுக்கணும் என்றால் தீர்மானம் போட்டுத்தான் கொடுக்கணும்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, எடுத்துப் போனவர், எதற்காக, எத்தனை படம், திருப்பிக் கொடுத்த கையெழுத்து. பணப்பெட்டிச் சாவி மாறுவது போலக் கேமராவும் கை மாறட்டும். படித்த ஒருத்தரே எப்போதும் வைத்திருந்தால் மற்றவர்களுக்குப் பயம் போகாது.

"எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இது வருமா?" என்று கேட்கும் அக்காக்களுக்கு ஒன்று சொல்கிறோம். அகமதாபாத்தில் 1972-இல் தொடங்கிய சேவா சங்கத்துப் பெண்கள் 1984-இல் வீடியோ கேமரா இயக்கக் கற்றார்கள். அவர்களில் காய்கறி விற்றவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. தங்கள் வேலையையும் கஷ்டத்தையும் தாங்களே படம் பிடித்துக் காட்டினார்கள். அதைவிட நம் கேமரா சின்னது, சுலபம்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஒவ்வொருவரும் தேதியைச் சரிபார்த்து, பாதி அமுக்கி, இரண்டு படம் எடுக்கணும். கண்ணாடி போட்டவர்கள் முதலில்! பிறகு இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்:

1. நம் குழுக் கேமராவில் இன்று என்ன தேதி காட்டுகிறது?
2. போன வருஷப் படங்கள் எங்கே இருக்கின்றன? யாராவது உடனே எடுத்துக் காட்ட முடியுமா?
3. கடனில் வாங்கிய கால்நடைகளில் எத்தனைக்குக் காதுவில்லை தெரியும் படம் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், கூட்டம் முடிந்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போங்கள். நாங்கள் பட்ட அலைச்சல் நீங்கள் பட வேண்டாம்.