அரிமாவின் துணைவலி

வத்திராயிருப்பு என்னும் ஊரின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போல் ஓங்கி நிற்கின்றது. அம்மலைக்காடு 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக விளங்குகின்றது. அங்கே புலி உண்டு, சிறுத்தை உண்டு, யானையும் உண்டு. சிங்கமோ இல்லை. அவ்வூர் மாணவர் சிங்கத்தைக் காண்பது கோயில் தூணிலும் சிம்ம வாகனத்திலுமே ஆகும். அங்கெல்லாம் அது தனித்தே நிற்கும். அதனாற்போலும், காட்டரசனுக்குத் துணை வேண்டா என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் மெய்தானா என்பதைச் சிங்கம் வாழும் காட்டிலேயே ஆராய்ந்து காண்போம்.

ஆசியச் சிங்கம் இன்று இயற்கையாக வாழும் இடம் உலகில் ஒன்றே. அது குஜராத் மாநிலத்தில், சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள கிர்க் காடும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். ஒரு காலத்தில் மேற்காசியா முதல் வட இந்தியா வரை பரவியிருந்த இவ்வினம் வேட்டையால் அருகிப் போயிற்று. ஜூனாகத் நவாபுகள் அளித்த காவலால் கிர்க் காட்டில் மட்டும் உயிர் தப்பியது. 1968இல் எடுத்த கணக்கில் 177 சிங்கங்களே இருந்தன. 2025இல் அத்தொகை 891 ஆயிற்று.

அக்காட்டில் பெண் சிங்கங்கள் தாயும் மகளும் தமக்கையும் தங்கையுமாகச் சிறு குழுக்களாய் வாழ்கின்றன. ஆண் குருளைகள் ஏறத்தாழ மூன்று வயதளவில் பிறந்த குழுவை விட்டு நீங்கி, நாடிழந்த இளவரசரைப்போல் அலைந்து திரியும். உடன்பிறந்தவை சேர்ந்தே செல்லும். உடன்பிறப்பு இல்லாதது வழியிற் கண்ட அயலானோடு நட்புக் கொள்வதும் உண்டு. இவ்வாறு இரண்டு மூன்று ஆண்கள் இணைந்து வாழ்வதைக் கூட்டணி என்பர்.

கூட்டணிக்கு வேண்டுவது ஓர் ஆட்சிப் பரப்பு. அப்பரப்பினுள் பெண் குழுக்கள் சில அடங்கும். ஆதலின் நிலத்தைக் காத்தாலன்றிக் குலத்தை வளர்க்க இயலாது. சிங்கங்கள் புதர்களில் சிறுநீரைத் தெளித்து எல்லை வகுக்கும், இரவில் முழங்கும். அமைதியான இரவில் அம்முழக்கம் எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்கும். நண்பனுக்கு அது அழைப்பு. பகைவனுக்கு அது எச்சரிக்கை. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் ஆராய்ச்சியாளர், அயல் சிங்கத்தின் முழக்கத்தை ஒலிபெருக்கியில் எழுப்பிப் பார்த்தனர். அந்நிலத்திற்குரிய ஆண்கள், உறவினராயினும் அல்லராயினும், ஒன்றாக எழுந்து ஒலி வந்த திசை நோக்கிச் சென்றன.

முழக்கத்திற்கு அஞ்சாத பகைவர் வரின் போர் மூளும். தோற்றவை மாண்டொழியும், அன்றேல் புண்பட்டு ஓடும். வென்றவை செய்யும் முதற்செயல் கொடியது. தோற்றவற்றின் குட்டிகளை அவை கொன்றுவிடும். குட்டிகள் வளரும்வரை தாய் மீண்டும் கருவுறுவதில்லை. வென்றவற்றின் ஆட்சியோ சில ஆண்டுகளே நிலைப்பது. அதனால் அவை காத்திருப்பதில்லை. எனினும் தாய்ச் சிங்கம் அறிவிற் குறைந்ததன்று. கிர்க் காட்டில் அது அண்டையிலுள்ள வேறு கூட்டணியோடும் உறவு கொள்ளும். இன்னாருடைய குட்டி என்று துணிய இயலாமையால், பிற்காலத்தில் அவ்வாண்கள் நிலத்தைக் கைப்பற்றினும் குட்டிகள் உயிர் பிழைக்கின்றன.

கூட்டணிக்குள் சமநிலை உண்டோ எனின், இல்லை என்பதே விடை. இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் கிர்க் காட்டுச் சிங்கங்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். கூட்டாளிகளுள் ஒன்றே தலைமை கொள்கின்றது. பெண் சிங்கங்களோடு கூடும் வாய்ப்பில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அதற்கே கிடைக்கின்றது. இரையிலும் அதுவே மிகுதியாக உண்கின்றது. அவ்வாறாயின் இளையது ஏன் பிரிந்து செல்வதில்லை? தனித்த சிங்கத்தால் நிலத்தைப் பிடித்தலும் அரிது, காத்தலும் அரிது. சிறு பங்கேனும் பெறுவது வெறுங்கையினும் மேலன்றோ? தலைமைச் சிங்கத்திற்கும் அத்துணை இன்றியமையாதது. துணையை இழந்தால் அதன் ஆட்சியும் ஆட்டங்காணும்.

ஆகவே, காட்டரசன் தன்வலி ஒன்றாலேயே அரசாளவில்லை, துணைவலியாலும் அரசாளுகின்றான். இவ்வுண்மை நாம் கொள்ளத்தக்கது. ஆயின், வலியது மிகுதியாகக் கொள்ளும் முறை விலங்கின் முறை; அது நமக்கு ஆகாது. கூடி உழைத்தலைச் சிங்கத்திடம் கற்கலாம். உழைப்பின் பயனைப் பகிர்ந்துண்ணுதலை அறத்திடமே கற்றல் வேண்டும்.

வினாக்கள்

1. ஆண் சிங்கங்கள் கூட்டணி சேர்வது ஏன்?
2. தாய்ச் சிங்கம் தன் குட்டிகளைக் காக்கும் வழி யாது?
3. 'தன்வலி', 'துணைவலி' ஆகிய சொற்களின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.