புரட்டாசி வெயிலும் எங்கள் எலும்புகளும்



செப்ரெம்பர் பிறந்துவிட்டது. பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பிவிட்டார்கள். பின்வளவில் கடைசி பீன்ஸ் தொங்குகிறது, தக்காளி பாதி பழமும் பாதி காயுமாக நிற்கிறது. "இனிக் குளிர் வந்திடும், கதவைச் சாத்துங்கோ" என்று வீடுகளில் குரல் கேட்கும் காலம். இன்னும் சில கிழமைகளுக்கு அந்தக் கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லவே இம்முறை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். "தம்பி, உடம்பெல்லாம் உளையுது. கதிரையில இருந்து எழும்பக் கையை ஊண்ட வேண்டிக் கிடக்கு. படி ஏறேலாமல் இருக்கு" என்றார். வயது, மூட்டுவாதம் என்று நினைத்துப் பரசிற்றமோல் கொடுத்தேன். திரும்பி வந்தபோதும் அதையே கொடுத்தேன். மூன்றாம் தடவை அவர் என் அறைக்கு நடந்து வருவதைத் தற்செயலாகக் கண்டேன். தாரா நடப்பதுபோல இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வந்தார். அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. இரத்தத்தைப் பரிசோதித்தபோது விற்றமின் டி இல்லையென்றே சொல்லக்கூடிய அளவில் இருந்தது.

இது ஒஸ்ரியோமலேசியா, அதாவது எலும்பு மென்மையாகும் நோய். விற்றமின் டி இல்லாவிட்டால் நாம் உண்ணும் கல்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. எலும்பு உறுதி இழக்கும், தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசைகள் தளரும். யாழ்ப்பாணத்தில் நான் மருத்துவம் படித்த காலத்தில் இது எனக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான். முதல் நாளே நான் அதை நினைக்காததற்கு அது ஒரு காரணம், ஆனால் சாட்டு அல்ல.

"கடைசியாக எப்ப வெயிலில நின்றனீங்கள், அம்மா?" என்று கேட்டேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளையோடு வீட்டுக்குள்தானாம். "ஜன்னலால வெயில் வருதுதானே, தம்பி" என்றார். வெளிச்சமும் சூடும் ஜன்னலால் வரும். ஆனால் தோலில் விற்றமின் டி உண்டாகத் தேவையான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். பலருக்கு இது தெரியாது.

இந்தக் கதிர் எவ்வளவு கிடைக்கிறது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தை விடக் கட்டையாக இருந்தால் சூரியன் போதிய உயரத்தில் நிற்கிறது. நீளமாக இருந்தால் கதிர் சரிந்து, காற்று மண்டலத்தில் கூடுதல் தூரம் கடந்து, பெரும் பகுதியை வழியிலேயே இழந்துதான் எங்களிடம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் மார்கழி நடுப்பகலில்கூட நிழல் ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். லண்டனில் செப்ரெம்பர் முதற் கிழமையில் பகல் ஒரு மணிக்கு நிழல் ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும். டிசெம்பரில் அது உயரத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல். ஒக்ரோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த நாட்டு வெயிலை நம்பிப் பயனில்லை. அதனால்தான் இந்தச் சில கிழமைகள் முக்கியமானவை.

எங்கள் தோலின் மெலனின் சுட்டெரிக்கும் வெயிலிலிருந்து காக்க வந்தது. இங்கே அதுவே தடையாகிறது. வெள்ளைக்காரருக்குப் பத்து நிமிடத்தில் கிடைப்பது எங்களுக்குக் கிடைக்கக் கூடிய நேரம் வேண்டும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், முன்கைகள் திறந்திருக்க, அரை மணி நேரமாவது வெளியில் நில்லுங்கள். கருகும்வரை நிற்கச் சொல்லவில்லை. "கறுத்துப் போவன்" என்று குடை பிடிக்கும் இளம் பெண்களிடமும் அவர்களை அப்படிப் பழக்கிய தாய்மாரிடமும் கேட்கிறேன்: இந்தச் செப்ரெம்பர் வெயிலில் எவர் கறுத்தார்?

பிள்ளைகளின் கால்களை வளைக்கும் றிக்கற்ஸ் நோயும் இதே குறையால்தான் வருகிறது. அதை 1650இல் விரிவாக எழுதியவர் பிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கிலேய வைத்தியர். ஜேர்மானியர் அதற்கு 'ஆங்கிலேய நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்த நாட்டின் மங்கிய வானத்துக்கும் தொழிற்சாலைப் புகைக்கும் அந்தப் பெயர் பொருத்தம்தான். அந்நோய் அருகிவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், 1960களில் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் மறுபடியும் அதைக் கண்டார்கள்.

நானும் தப்பியவன் அல்ல. அகதியாக வந்த முதற் குளிர்காலத்தில் மனோர் பார்க்கில் ஓர் அறையில் நான்கு பேர் இருந்தோம். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் திரையை இழுத்துவிட்டு நித்திரை. சூரியனைக் காணாமல் மாதங்கள் போயின. இன்றும் இரவு வேலை செய்யும் எம்மவர் பலர். அவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு எங்கே போவது? தூரம் போகத் தேவையில்லை. எப்பிங் வனம் என்றால் எசெக்ஸில் எங்கோ இருப்பதாக நினைக்கிறோம். அதன் தென்கோடி எங்கள் மனோர் பார்க்தான். ரயில் நிலையத்துக்கு வடக்கே சில நிமிடம் நடந்தால் வரும் வொன்ஸ்ரெட் பிளற்ஸ் வெளி அந்த வனத்தின் பகுதி. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டு, 1882இல் விக்ரோறியா மகாராணி நேரில் வந்து மக்களுக்கென்று அறிவித்த காடு அது. கட்டணமில்லை. பிளக்பெரி பழுத்திருக்கும் காலம், பேரப்பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். காளானில் மட்டும் கை வைக்காதீர்கள். நஞ்சுக் காளானை இனங்காண்பது கடினம், அங்கே காளான் பறிக்க அனுமதியும் இல்லை.

நீண்ட புல்லில் நடந்து வந்தால் கால், முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலை ஆகியவற்றில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே மேலே இழுங்கள். எண்ணெய் பூசுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் வேண்டாம். பின்னர் அந்த இடத்தில் வட்டமாகப் பரவும் தழும்போ காய்ச்சலோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள். அது லைம் நோயாக இருக்கலாம். பாடப்புத்தகப் படத்தில் உள்ள சிவப்பு நிறம் எங்கள் தோலில் தெளிவாகத் தெரியாது. அடிக்கடி தவறவிடப்படுவது இதுதான்.

வெளியே போக முடியாதவர்களுக்குப் பின்வளவு போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கதிரையைப் போட்டுக் கீரை ஆயலாம், மிளகாய்ச் சாடிகளை உள்ளே எடுக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு மண்ணில் இறங்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது.

இனி மாத்திரை. வெயில் மட்டும் எங்களுக்குப் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எல்லோருக்கும் இலையுதிர், குளிர்காலங்களில் நாளொன்றுக்கு 10 மைக்கிறோகிராம், அதாவது 400 யூனிற் விற்றமின் டி பரிந்துரைக்கப்படுகிறது. எங்களைப் போன்ற தோல் நிறமுள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மறக்கக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குத் துளி மருந்தாகக் கொடுக்கலாம். கனடாவில் இருக்கும் உறவினர் "நாங்கள் பால் குடிக்கிறம், அது போதும்" என்பார்கள். அங்கே பாலில் விற்றமின் டி சேர்க்கிறார்கள். இங்கே சாதாரணப் பாலில் சேர்ப்பதில்லை.

இந்தியாவிலிருந்து வரும் 60,000 யூனிற் பைக்கற்றுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை வழமையாகக் கிழமைக்கு ஒன்றாக, குறிப்பிட்ட காலத்துக்கு, வைத்தியர் சொல்லி எடுப்பவை. தினம் ஒன்று எடுத்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். பெரியவர்கள் தாமாக நாளொன்றுக்கு 100 மைக்கிறோகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

அந்த அம்மாவுக்குச் சில மாதங்கள் எடுத்தன. மருந்தோடு, பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தினமும் வெளிக்குப் போகத் தொடங்கினார். அடுத்த புரட்டாசிச் சனிக்கு முருகன் கோயிலில் கண்டபோது, எள்ளெண்ணெய் எரித்துவிட்டுத் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பினார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "தம்பி, நீங்கள் வெயிலில நிக்கிறனீங்களோ?" என்றுதான்.