விடைக் குறிப்பும் குடியானவரின் வினாவும்

நெய்வேலியைச் சூழ்ந்த செம்மண் கிராமங்களில் பயிருக்கு நோய் கண்டால், குடியானவர் பலர் இப்பொழுது டெலிபோனையே நாடுகின்றனர். 2004-ஆம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி இந்திய சர்க்கார் ஆரம்பித்த கிஸான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே விடை கிடைக்கும். விடை கூறுவோர் விவசாயப் பட்டதாரிகள். ஆயினும் எல்லாப் பயிர்களின் சங்கதியையும் ஒருவரே மனத்தில் வைத்திருத்தல் அரிது. ஆகையால் எழுதிவைத்த விடைக் குறிப்புகள் அவர் முன்னே இருத்தல் வேண்டும். அக்குறிப்பில் பிழை நேர்ந்தால், அவ்வொரு பிழையே நூறு வயல்களுக்குப் போய்ச் சேரும்.

குறிப்பு விடையிலிருந்து தொடங்கலாகாது, வினாவிலிருந்தே தொடங்கவேண்டும். "நெல் மஞ்சளாகிறது" என்று ஒருவர் கூறியவுடன் யூரியா இடச் சொல்லுவது எளிது. முதிர்ந்த அடியிலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு; இளந்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாயிருக்கலாம்; கீழிலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றினால் துத்தநாகத்தை நினைக்கவேண்டும். ஆகவே, எந்த இலை முதலில், நட்டு எத்தனை நாள், வயலில் நீர் நிற்கிறதா என்னும் கேள்விகள் குறிப்பின் முதல் வரியிலேயே இருக்கட்டும். தலைப்பும் கேட்போரின் சொல்லாகவே இருத்தல் நலம். "குருத்துக் காய்கிறது" என்று முந்திரிக்காரர் கூறுவதைத் தேயிலைக் கொசு என்னும் தலைப்பின் கீழ் மட்டும் வைத்திருந்தால், அவசரத்தில் எவர் கண்டெடுப்பார்?

முந்திரிக்கு ஒரு காலத்தில் எண்டோசல்பான் தெளிக்கச் சொன்னதுண்டு. 2011-ஆம் வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதனைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் பழைய தாளொன்று மேஜைக் கண்ணாடிக்கடியில் கிடந்ததை ஓரிடத்தில் நானே கண்டேன். புதிய தாளை அனுப்பினால் மட்டும் போதாது. பழையதைத் திரும்பப் பெற்றுக் கிழித்தெறிய வேண்டும். எழுதிய தேதியும், சரிபார்த்த நிபுணரின் பதவியும், மறுபடி பார்க்கவேண்டிய மாதமும் ஒவ்வொரு தாளிலும் அவசியம். மருந்தின் அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கா, ஓர் ஏக்கருக்கா என்று சொல்லாத குறிப்பு, குறிப்பே அன்று.

குறிப்பில் அடங்காத வினாவுக்கு ஊகமாக விடை கூறலாகாது. அத்தகையவற்றை மேல்நிலை நிபுணருக்கு மாற்றும் ஏற்பாடு மையத்தில் உண்டு. (முந்திரிக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருப்பது இப்பகுதியாரின் பாக்கியம்.) நிபுணர் கூறியதை அன்றே எழுதிக் கோவையிற் சேர்க்காவிடில், அடுத்த வாரம் அதே வினாவுக்கு மறுபடியும் திண்டாடவேண்டியதே.

கிராம உத்தியோகஸ்தர்கள், அழைப்பவருக்குத் துணையிருக்கையில், பயிரின் ரகம், விதைத்த தேதி, மண் பரிசோதனையின் முடிவு, முன்னர் தெளித்த மருந்து ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பாராக. பெற்ற விடை பலித்ததா என்பதைப் பத்து நாள் கழித்து உதவி வேளாண்மை அலுவலரிடம் தெரிவிக்கவும். பலிக்காத குறிப்பு எதுவென்பது, வயலிலிருந்து செய்தி போகாவிடில், குறிப்பு எழுதுவோருக்குத் தெரிய வழியில்லை.