இரும்புப் பட்டாவில் ஒரு பெயர்

போன மாதம் சமூக அறிவியல் வகுப்பில் டீச்சர் வம்ச மரம் வரையச் சொன்னாங்க. பெயர், ஊர், அடக்கம் செய்த இடம் என்று மூன்று கட்டம். அம்மா, ஆச்சி வரைக்கும் சுலபம். ஆச்சியோட அம்மாவை எங்கே அடக்கம் பண்ணினாங்க என்று கேட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஆத்தங்கரையிலதான் எங்கேயோ, தாயி. பேதி வந்த வருசம். ஒரே நாள்ல நாலு பேரு. கல்லு நட யாருக்கு நேரம் இருந்துச்சு?" என்றாங்க. அந்தக் கட்டம் இன்னும் காலி.

இதைச் சொன்னதும் டீச்சர் இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொன்னாங்க. அவரும் பேதியில் இறந்தவர், அவரையும் ஆற்றங்கரைப் பக்கம்தான் புதைத்தார்கள். ஆனால் அந்த இடம் இன்றும் தெரியும். ஊர் அமெரிக்கா, ஆண்டு 1852. நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ரெபேக்கா வின்டர்ஸ். அவருடைய அப்பா கிடியன் பர்டிக், அமெரிக்க விடுதலைப் போரில் முரசு அடித்த சிறுவன். ரெபேக்காவும் கணவர் ஹைரமும் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார்கள். அந்தப் பிரிவினரை அக்கம்பக்கத்தார் ஊர் ஊராக விரட்டினார்கள். கடைசியில் 1847 முதல் அவர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே யூட்டாவுக்குக் கிளம்பினார்கள். மிசௌரி ஆற்றிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். மாடு பூட்டிய கூண்டு வண்டி. வண்டியில் ஏறிப் போனார்கள் என்று நினைக்காதீங்க. வண்டியில் மாவு மூட்டையும் சட்டி பானையும்தான் போகும். முடிந்தவர்கள் எல்லாரும் நடைதான்.

இப்படி மேற்கே போனவர்களை 'முன்னோடிகள்' என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். ஆனால் அது ஆளில்லாத நிலம் கிடையாது. பானி, செயென், லக்கோட்டா மக்கள் காலங்காலமாக வாழ்ந்த இடம். வண்டிகளோடு வந்த காலரா 1849-இல் அவர்களிலும் ஏராளமானவர்களைக் கொன்றது. அவர்களில் எத்தனை ஆச்சிகளோ!

பாதை பிளாட் ஆற்றை ஒட்டியே போகும். ஆழமில்லாத கலங்கல் ஆறு. ஒரு கூட்டம் தங்கிய இடத்திலேயே அடுத்த கூட்டமும் தங்கும். மலம் கழிப்பதும் பக்கத்தில், குடிக்கக் குழி தோண்டுவதும் பக்கத்தில். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் அடிகுழாய் ஒன்றை வைத்துக் காட்டியதே 1854-இல்தான். 1852-இல் பிளாட் கரையில் நடந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? காலையில் நன்றாக இருந்தவர் ராத்திரிக்குள் போய்விடுவார். உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறுவதால்தான் சாவு. 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு (தலை தட்டி அளக்கணும்!). இந்தக் கரைசல் இன்றைக்கு எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

நெப்ராஸ்காவில், ஸ்காட்ஸ் பிளஃப் என்ற குன்றுக்குப் பக்கத்தில், 1852 ஆகஸ்ட் 15 அன்று ரெபேக்கா இறந்தார். (நமக்குக் கொடியேற்றும் நாள். அதனால் தேதி மறக்காது.) வழியில் இறப்பவர்களைப் பெரும்பாலும் அவசரமாகப் புதைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் பாதையிலேயே குழி வெட்டி, மேலே வண்டிகளை ஓட்டித் தடத்தை அழிப்பார்களாம். ஓநாய் தோண்டக் கூடாதே! அதனால்தான் ஆயிரக்கணக்கான புதைகுழிகள் எங்கே என்றே தெரியாமல் போயின.

ரெபேக்காவுக்கு அப்படி ஆகவில்லை. குழியை ஆழமாகத் தோண்டினார்கள். குடும்ப நண்பர் வில்லியம் ரெனால்ட்ஸ் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஒன்றை எடுத்தார். நம்ம ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தில் கொல்லர் பழுக்கக் காய்ச்சி மாட்டுவாரே, அதே பட்டாதான். அதில் உளியால் எழுத்து எழுத்தாக வெட்டினார்: ரெபேக்கா வின்டர்ஸ், வயது 50. பட்டாவை வளைத்துத் தலைமாட்டில் நட்டார்கள். பிறகு ஹைரமும் பிள்ளைகளும் மேற்கே நடந்தார்கள். நிற்க முடியாது. பனி விழுவதற்குள் மலையைத் தாண்டியாக வேண்டும்.

மரச் சிலுவை நட்டிருந்தால் சில வருஷத்தில் மக்கியிருக்கும். இரும்பு நின்றது. ஏறத்தாழ 50 வருஷம் கழித்து ரயில்பாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள் புல்லுக்குள் அந்தப் பட்டாவைப் பார்த்தார்கள். பாதையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்கள் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள். பெயர் இருந்ததால் செய்தி யூட்டாவில் இருந்த குடும்பத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1902-இல் பேரன் பேத்திகள் அங்கே ஒரு கல் நட்டார்கள். பெயர் இல்லாத குழி என்றால் யார் யாருக்குச் சொல்லி அனுப்ப முடியும்?

சமாதி தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ரயிலால் ஆபத்து என்று 1995-இல் அதைத் தோண்டி, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடியும் அடக்கம் செய்தார்கள். அதற்கு அவருடைய வம்சத்தார் பல ஊர்களிலிருந்து வந்து கூடினார்கள். இறந்து 143 வருஷத்துக்குப் பிறகு! முதல் தடவை கூட இருந்தவர்களுக்கு அழக்கூட நேரமில்லை. பழைய பட்டாவையும் புது இடத்துக்கே கொண்டு போனார்கள்.

காலாண்டு லீவில் ஊருக்குப் போகும்போது அந்த ஆத்தங்கரையைக் காட்டுகிறேன் என்று ஆச்சி சொல்லியிருக்காங்க. அங்கே இப்போ முழுக்கச் சீமைக் கருவேலம்தானாம். பரவாயில்லை, எந்தப் பக்கம் என்றாவது தெரியும்.

உங்க பாட்டியோட அம்மா பெயர் தெரிந்தால், இந்தத் தாளுக்குக் கீழே இடம் விட்டிருக்கோம், எழுதுங்க. பேனாவால் எழுதுங்க, பென்சில் வேண்டாம்.