தரைக்கும் ஒரு கோப்பு

சிங்கப்பூரில் வசிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குடியிருக்கின்றனர். குடும்பம் பெருகும்போது பெரிய வீட்டுக்கும், பிள்ளைகள் தனிக்குடித்தனம் சென்றபின் சிறிய வீட்டுக்கும் மாறுவது இங்கு இயல்பு. வீட்டை விற்க விரும்புவோர் சுவர்களுக்குப் புதிய சாயம் பூசுகின்றனர். பழைய விளக்குகளை மாற்றுகின்றனர். ஆனால், வீடு முழுவதும் பரந்திருக்கும் தரையைப் பற்றிய ஆவணங்களைத் தேடி எடுத்துவைக்கப் பலர் மறந்துவிடுகின்றனர்.

தரையைக் கண்ணால் பார்த்து மட்டும் எடைபோட முடியாது. மரம்போல் தோன்றும் இரண்டு தரைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று உண்மையான மரத்தால் ஆனது. மற்றொன்று மரத்தின் படம் அச்சிடப்பட்ட வினைல். மரத்தரையில் கீறல் விழுந்தால் அதைத் தேய்த்து மெருகேற்றலாம். வினைலைத் தேய்த்தால் அச்சிட்ட படமே அழிந்துவிடும். லேமினேட் தரையில் தண்ணீர் தேங்கினால் அது உப்பிவிடும். ஆகவே, தரை எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்தால்தான் வீட்டை வாங்குபவர் அதை முறையாகப் பராமரிக்க முடியும்.

குளியலறைத் தரைக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. அங்குள்ள ஓடுகளுக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் படலம் ஒன்று இருக்கும். நாளடைவில் அது தேய்ந்து போனால், நீர் கசிந்து கீழ்வீட்டின் உட்கூரையை நனைக்கும். அவ்வாறு நேர்ந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டு உரிமையாளருக்கும் கீழ்வீட்டு உரிமையாளருக்கும் சேர்ந்தே உண்டு. அந்தப் படலம் எந்த ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது என்னும் குறிப்பு, வாங்குபவருக்கு மட்டுமன்றி அண்டை வீட்டாருக்கும் பயன்படும்.

தரை தொடர்பான விதிமுறைகளும் உள்ளன. புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட புளோக்கில், முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர் ஓடுகளையும் தரை ஓடுகளையும் அகற்றக்கூடாது. சிமெண்டுப் பூச்சையும் சேர்த்துத் தரையின் தடிமன் 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கட்டடம் தாங்கவேண்டிய பாரம் அளவுக்கு மீறக்கூடாது என்பதே இதற்குக் காரணம். பழைய ஓடுகளை அகற்றாமல் அவற்றின்மேல் புதிய ஓடுகளைப் பதித்திருந்தால், அதை வாங்குபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் அவர் மேலும் ஓர் அடுக்கைப் பதித்தால் வரம்பு மீறிவிடலாம். மேலும், மறுவிற்பனையின்போது வீட்டில் அனுமதி பெறாத மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டால், விற்பவரே அவற்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் கடைசி நேரத்தில் வீண் அலைச்சல் இராது.

அப்படியானால், எவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்? புதுப்பிப்புப் பணிக்கான அனுமதிக் கடிதம், குத்தகையாளர் தந்த விலைப்பட்டியல், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, உத்தரவாதச் சீட்டு ஆகியவை முதலில் இடம்பெற வேண்டும். ஓடுகள் வந்த பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட பெயரையும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே வகை ஓடாக இருந்தாலும், வேறு தொகுதியில் தயாரிக்கப்பட்டால் அதன் நிறம் சற்று மாறக்கூடும். அதனால்தான், எஞ்சிய சில ஓடுகளை வீசாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பணி நடக்கும்போது, ஓடுகளுக்கு அடியில் உள்ளவற்றையும் படம் எடுத்து வைக்கலாம். மூடிய பிறகு அவற்றைக் காண இயலாது அல்லவா?

கடைகளில் தரும் பற்றுச்சீட்டுகள் பல, வெப்பத்தால் அச்சிடப்படுபவை. சில ஆண்டுகளில் எழுத்துகள் மங்கிவிடும். எனவே, அவற்றை உடனே படம் பிடித்து, தேதியுடன் கணினியிலும் சேமித்துக்கொள்ள வேண்டும். வாங்குபவரிடம் நகல் கொடுக்கும்போது அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் போன்ற சொந்த விவரங்களை மறைத்துவிட வேண்டும். உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கும் பொருந்துமா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். சில உத்தரவாதங்கள் முதல் உரிமையாளருடன் முடிந்துவிடும்.

இத்தகைய கோப்பு வீட்டின் விலையைக் கூட்டிவிடும் என்று உறுதி கூற முடியாது. தரை பிடிக்காமல் வாங்குபவர் அதை முழுவதும் பெயர்த்தெடுக்கவும் கூடும். ஆயினும், கோப்பின் உண்மையான பயன் வேறு. வரவேற்பறையில் சில ஓடுகள் உப்பி, பழுதுபார்க்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் அந்த இடத்தைக் கம்பளத்தால் மறைக்கலாம். அல்லது பழுதுபார்த்த தேதியையும் செலவையும் காட்டி உண்மையைச் சொல்லலாம். முதல் வழியில் கம்பளத்தை எடுத்த அன்றே நம்பிக்கை போய்விடும். இரண்டாவது வழியில் குறை தெரிந்தாலும் நம்பிக்கை குறையாது.

ஒரு குடும்பம் பல ஆண்டு சேமிப்பைக் கொண்டுதான் வீட்டை வாங்குகிறது. அந்த உழைப்புக்கு நாம் காட்டும் மரியாதையே, மறைக்காமல் ஒப்படைக்கும் அந்தச் சில தாள்கள்.