மாணவர் இருக்கையில் ஆசிரியர்

கேள்வி: புதிதாகச் சேர்ந்த பேராசிரியர்களுக்கு ஆன்லைன் பாடம் நடத்தப் பயிற்சி தரச் சொல்கிறது எங்கள் கல்லூரி. ஒருநாள்தான் அவகாசம். எதில் தொடங்கலாம்?
– துறைத்தலைவர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: மென்பொருளில் தொடங்காதீர்கள். எந்தப் பட்டன் எங்கே என்பதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேர வேலை. காலையில் எல்லோரையும் மாணவராக உட்கார வையுங்கள். கையில் செல்போன், காதில் இயர்போன். சக ஆசிரியரின் ஒரு மணி நேர வகுப்பை அதிலேயே பார்க்கட்டும். ஸ்லைடில் எழுத்து எறும்பாக ஊரும். விரல் தானாக வாட்ஸ்அப் பக்கம் போகும். அப்புறம் யாரும் நீள வீடியோ எடுக்க மாட்டார்கள்!

வீடியோ மட்டும் போதாது. 2017-இல் வந்த, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் வீடியோவோடு படிக்கக் குறிப்பு, சுயசோதனை, விவாதப் பகுதி மூன்றும் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது விவாதப் பகுதியில்தான். மாணவர் கேள்விக்கு யார், எத்தனை நாளுக்குள் பதில் போடுவது என்று அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.